பழைய பேஸ் கிற்றாரை முழுசாக விற்பதா, கழற்றி விற்பதா? கொழும்பில் விற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் என் அறை அலுமாரிக்குப் பின்னால் ஒரு பேஸ் கிற்றாரின் வெறுங்கட்டை, அதாவது உடல் மட்டும், சாய்ந்து நிற்கிறது. கையால் பிடிக்கும் கழுத்தான நெக் இல்லை, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இல்லை, கம்பிகளின் அடிமுனை உட்காரும் பிரிட்ஜ் இல்லை. சில வருடங்களுக்கு முன் "கழற்றி விற்றால் கூடக் காசு வரும் மச்சான்" என்று நண்பன் ஒருவன் சொன்னதைக் கேட்டு நானே கழற்றினேன். பிக்கப் இரண்டும் முதல் கிழமையே போய்விட்டன. நெக் போக நாலு மாதம் எடுத்தது. இடையில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி, தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர், அழைத்தார். "அண்ணா, அந்த பேஸ் இன்னும் இருக்கா?" நெக்கும் கட்டையும் தனித்தனியாக இருந்தன. பிக்கப் யாரோ ஒருவரின் வீட்டில் இருந்தது.

கழற்றுவதா என்று யோசிப்பவர்கள் எல்லோரும் நெக் என்ன விலை போகும், பிக்கப் என்ன விலை போகும் என்றுதான் தொடங்குவார்கள். நான் இப்போது கட்டையிலிருந்து தொடங்குகிறேன். கடைசியில் மிஞ்சும் அந்தக் கட்டையை வாங்க இந்த ஊரில் ஆள் இருக்கிறதா? பஞ்சிகாவத்தையில் ஒரு காரைப் பிரித்தால் கதவுக்கு ஓர் ஆள், கண்ணாடிக்கு ஓர் ஆள் வந்து நிற்பார்கள். அதே மொடல் கார் ஊர் முழுக்க ஓடுகிறது, அதனால் வருகிறார்கள். பேஸ் கிற்றாருக்கு அந்தக் கூட்டம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

முதற்படி: கையில் இருப்பது என்ன?

கிற்றாரைப் புரட்டிப் பாருங்கள். நெக்கும் உடலும் சேரும் இடத்தில் ஓர் உலோகத் தகடும் நாலு ஸ்குரூவும் இருந்தால் அது கழற்றக்கூடிய நெக். சிலதில் ஸ்குரூ மூன்றாகவோ ஐந்தாகவோ இருக்கும், தகடும் இல்லாமல் இருக்கலாம். ஸ்குரூவே இல்லை, நெக்கின் மரம் உடலுக்குள்ளால் கடைசிவரை ஓடுகிறது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ரிக்கன்பேக்கர் 4003 என்ற பேஸ் அப்படித்தான் செய்யப்படுகிறது. அதைப் பிரிக்க வாள்தான் வேண்டும். முழுசாக விற்றுவிடுங்கள்.

அடுத்தது வடிவம். ஃபென்டர் கம்பனி 1951இல் பிரிசிஷன் பேஸையும் 1960இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), உடலுக்குள் உட்காரும் இடத்தில் ஏறத்தாழ 63 மில்லிமீற்றர் அகலமான நெக் என்று அந்த அளவுகளையே பிறகு எத்தனையோ கம்பனிகள் பின்பற்றின. உங்களுடையது இந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று என்றால் அதன் பாகங்கள் இன்னொருவரின் கிற்றாரில் பொருந்த வாய்ப்பு உண்டு. ஐபனேஸ், யமஹா போன்றவை தங்கள் சொந்த வடிவத்தில் செய்யும் பேஸ்களின் நெக்கை அதே மொடல் வைத்திருப்பவர்தான் வாங்குவார். கொழும்பில் அதே மொடலும் வைத்திருந்து அதன் நெக்கும் உடைந்துபோன ஒருவரைத் தேடுவது, காலி வீதியில் விழுந்த ஐந்து ரூபாய்க் குற்றியைத் தேடுவது மாதிரி.

மூன்றாவது, வயது. ஃபென்டர் என்றால் தலைப்பகுதியிலோ பின்தகட்டிலோ சீரியல் இலக்கம் இருக்கும். அதை மட்டும் நம்பாமல் வொலியூம் பொட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குக் கீழே இருக்கும் பாகம்) உலோகத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தையும் பாருங்கள். பழைய அமெரிக்க பொட்களில் 137 என்று தொடங்கினால் செய்தது சீ.ரீ.எஸ். கம்பனி. அதற்குப் பின்வருவது வருடமும் வாரமும். 1377612 என்றால் 1976ஆம் வருடம், 12ஆம் வாரம். பொட் அந்த வாரத்தில் செய்யப்பட்டது என்பதுதான் இதன் பொருள். கிற்றார் அதற்குப் பிந்தியதாக இருக்கலாம், பொட் மாற்றப்படாதிருந்தால் முந்தியதாக இருக்க முடியாது.

இப்படி 60களையோ 70களையோ சேர்ந்த அசல் சாமான் என்று தெரிந்தால் தயவுசெய்து கையை எடுங்கள். அப்படிப்பட்ட கிற்றாரில் தொழிற்சாலையில் வைத்த ஈயம்கூட உருகாமல் இருப்பதற்கு விலை உண்டு. ஒரு வயரைக் கழற்றித் திரும்ப ஒட்டினாலே தெரிந்தவர் கண்டுபிடித்து விலையைக் குறைப்பார்.

மறுபக்கத்தில், பெயர் தெரியாத மலிவான தொடக்கப் பேஸ் என்றாலும் கழற்ற வேண்டாம். அதன் பாகங்களுக்கு விலையே கிடையாது. பழகும் பிள்ளை ஒன்றுக்கு முழுசாகக் கொடுங்கள்.

இரண்டாம் படி: கழற்றாமலே சோதியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முடிவு பெரும்பாலும் இந்த இடத்திலேயே வந்துவிடும்.

முதலில் நெக். கம்பிகள் சரியான சுருதியில் இருக்க வேண்டும். நாலு பேஸ் கம்பிகளும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுவை இல்லாமல் நெக்கைச் சோதிப்பது, ஆள் ஏறாத ஏணியைச் சோதிப்பது போல. தடித்த கம்பியை முதலாம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃபிரெட்) ஒரு கையாலும், நெக் உடலைத் தொடும் ஃபிரெட்டில் மறுகையாலும் அழுத்துங்கள். நடுவில், ஏழாம் எட்டாம் ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்ட் தடிப்பு இடைவெளி இருந்தால் நல்லது. அதிகம் என்றால் ட்ரஸ் ரொட்டை (நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கோல்) கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். முதலில் சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு இறுக்குங்கள், அது சுழல்கிறதா என்பதும் தெரியும். இறுக்கி முடிந்த பிறகும் நெக் வளைந்தே இருந்தால், அல்லது ட்ரஸ் ரொட்டின் நட் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால், அந்த நெக்குக்கு விலை இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் வழியே பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒரே தளத்தில் போக வேண்டும். ஒன்று ஏறி மற்றது இறங்கினால் நெக் முறுகியிருக்கிறது. முறுகலை ட்ரஸ் ரொட் நிமிர்த்தாது.

இனி மின்சாரப் பக்கம். இதற்கு ஸ்குரூவைத் தொடவே தேவையில்லை. ஒரு கிற்றார் கேபிளும் மின்தடை அளக்கும் மல்ரிமீற்றரும் போதும். மீற்றர் இல்லையென்றால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் சாதாரணமான ஒன்றை வாங்கலாம். கேபிளைக் குத்தி, வொலியூம், டோன் எல்லாவற்றையும் முழுசாகத் திறந்து, மறுமுனையின் நுனியிலும் அடிப்பாகத்திலும் மீற்றரை வையுங்கள். பிரிசிஷன் வகையில் 10 கிலோ ஓம் பக்கம் காட்டினால் பொதுவாகச் சரி. ஜாஸ் வகையில் ஒரு பிக்கப் மட்டும் திறந்திருக்கும்போது 7, 8 கிலோ ஓம் பக்கம் வரும். இரண்டையும் திறந்தால் அது ஏறத்தாழப் பாதியாகும், பயப்பட வேண்டாம். பிரிசிஷனில் 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால்? நீங்கள் பார்ப்பது பிக்கப்பை அல்ல, வொலியூம் பொட்டை. பிக்கப்பின் கம்பிச்சுருள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அதன் வயர் ஈயம் விட்டுக் கழன்றிருக்கிறது. இரண்டாவது என்றால் ஐந்து நிமிட வேலை.

9 வோல்ட் பற்றரி போட்ட அக்டிவ் பேஸில் இந்தச் சோதனை செல்லாது. அங்கே பற்றரி கசிந்து பெட்டியை அரித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்றாமல் விட்டால் பற்றரி தீர்ந்துகொண்டே இருக்கும். "பேஸ் செத்துப்போச்சு" என்று விற்க வருகிறவர்களில் சிலருக்கு வேண்டியது ஒரு புதுப் பற்றரிதான்.

கொழும்புக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு: உப்புக் காற்று. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று மரைன் டிரைவ் பக்கம் இருந்த கிற்றார் என்றால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டுகளின் சின்ன ஸ்குரூக்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஒவ்வொன்றும் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு, ஓர் இரவு பொறுமை. பொட் கரகரத்தால் கொன்ராக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தமாக்கும் ஸ்பிரே) அடித்து முன்னும் பின்னும் இருபது தடவை திருப்புங்கள். ஃபிரெட்டின் பச்சைக் களிம்பு துரு அல்ல. அந்த உலோகத்தின் பெயர் நிக்கல் சில்வர், பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். துடைத்தால் போய்விடும்.

கடைசியாக உடல். நெக் உட்காரும் குழியின் ஓரத்தில் கீறல் இருக்கிறதா? அது வண்ணப்பூச்சில் மட்டுமா, மரத்திலுமா? 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் நனைந்த சாமான்கள் பல கை மாறியிருக்கலாம், ஓரம் ஊதியிருந்தால் சந்தேகப்படுங்கள். கறையான் ஓட்டை இருந்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதீர்கள்.

மூன்றாம் படி: இன்றைய விலை

நீங்கள் 2019இல் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இன் முதல் சில மாதங்களில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. அன்று வாங்கிய விலைக்கே விற்றால் நட்டப்படுவது நீங்கள்தான். அதே தரத்தில் புதுசு ஒன்று இன்று கடையில் என்ன விலை என்று இரண்டு இடங்களில் விசாரியுங்கள். பிறகு இக்மன் விளம்பரத் தளத்திலும் பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் பழைய பேஸ்களைப் பாருங்கள். அங்கே போட்டிருப்பது கேட்கும் விலை, போன விலை அல்ல. மூன்று மாதமாக அதே விளம்பரம் தொங்கினால் அந்த விலைக்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

கடையில் கொடுத்தால் குறைவாகத்தான் தருவார்கள். அவர்களும் வைத்து விற்று இலாபம் எடுக்க வேண்டும். அவசரக் காசு தேவை என்றால் மட்டும் அங்கே போங்கள்.

யார் வாங்குகிறார்கள் என்பதையும் பாருங்கள். நான் கண்டவரை முழு பேஸ் தேடி வருகிறவர்கள் தேவாலய இசைக்குழுக்காரர், கல்யாண வீட்டு பேண்ட்காரர், ஆறு கம்பிக் கிற்றாரிலிருந்து பேஸுக்கு மாறும் பிள்ளைகள். இவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வாசிக்க ஒரு கருவி வேண்டும். பாகம் தேடுகிறவர் வேறு இனம்: கிற்றார் திருத்துபவர், அல்லது தன் கிற்றாரை ஓயாமல் நோண்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர். முதல் கூட்டத்தோடு பார்த்தால் நாங்கள் ஒரு கைப்பிடிதான். எங்களுக்கு நல்ல பிக்கப் வேண்டும், நல்ல பிரிட்ஜ் வேண்டும். கட்டை ஏற்கனவே வீட்டில் இருக்கிறது.

நாலாம் படி: கணக்கு

சும்மா ஓர் உதாரணம், இலக்கங்கள் விளக்கத்துக்கு மட்டும். 80,000 ரூபாய் போட்டு, பேரம் பேசி, 70,000க்கு முழுசாகப் போகக்கூடிய ஜாஸ் வகைப் பேஸ் ஒன்று என்று வைப்போம். ஆசைக் கணக்கு இப்படி வரும்: ரியூனிங் கீகளோடு (கம்பியை முறுக்கும் திருகுகள்) நெக் 30,000, பிக்கப் சோடி 18,000, பிரிட்ஜ் 8,000, பொட்களும் தகடும் 5,000, கட்டை 20,000, பை 4,000. மொத்தம் 85,000. பார்த்தீர்களா, 15,000 கூட! நானும் இப்படித்தான் ஏமாந்தேன்.

இப்போது ஒவ்வொன்றுக்கும் பேரத்தைக் கழியுங்கள். முழுசாக விற்றால் ஒரு தடவை பேரம், கழற்றி விற்றால் ஆறு தடவை. நெக் 25,000, பிக்கப் 15,000, பிரிட்ஜ் 6,000, பொட் 3,000, பை 3,000. ஆக 52,000. முழு விலையை எட்டவே கட்டை 18,000க்குப் போக வேண்டும். போகுமா?

என் விதி இதுதான். கட்டைக்குப் பூச்சியம் போடுங்கள். மற்றதெல்லாம், பேரம் கழித்த விலையில், முழு விலையை விட ஐந்தில் ஒரு பங்காவது கூட வந்தால் கழற்றலாம். இந்த உதாரணத்தில் அது 84,000. பிறகு கட்டை விற்றால் அது வரவு. சாதாரணப் பேஸ் எதுவும் இந்தப் பரீட்சையில் தேறாது.

தேறுகிறவை சில உண்டு. நெக் முறுகிப் போய் மற்றதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் பேஸ். உடல் வெடித்தோ கறையான் அரித்தோ போன பேஸ். முன்பு யாரோ கண்டபடி சேர்த்த, பாகம் ஒவ்வொன்றும் பெயர்பெற்றதாகவும் மொத்தமாகப் பெயரில்லாததாகவும் இருக்கும் பேஸ். இவற்றை முழுசாக வாங்குபவர் பழுதுக்காக விலையை அடித்துக் குறைப்பார், அதனால் முழு விலையே தாழ்ந்துவிடும், கணக்கும் திரும்பும். ஆனால் திருத்தக்கூடிய பழுது என்றால் திருத்தும் கூலியை முதலில் கேளுங்கள். கழன்ற வயர் ஒன்றுக்காக நல்ல பேஸைப் பிரித்தவரை எனக்குத் தெரியும், நல்லவேளை அது நான் இல்லை.

இடையில் ஒரு மூன்றாம் வழி

இதைப் பலர் யோசிப்பதில்லை. நீங்கள் வாங்கிய பிறகு சீமோர் டங்கன், ஈ.எம்.ஜி. போன்ற விலையான பிக்கப்போ கனமான பிரிட்ஜோ மாற்றியிருந்தால், பழைய அசல் பாகங்கள் எங்கோ டப்பாவில் கிடக்கும். தேடி எடுத்துத் திரும்பப் போடுங்கள். பேஸை முழுசாக விற்றுவிட்டு, நல்ல பாகத்தைத் தனியாக விற்கலாம். முழு பேஸ் வாங்கும் தம்பி அந்தப் பிக்கப்புக்காகப் பெரிதாகக் கூடத் தர மாட்டார், பாகம் தேடுபவர் தருவார். கட்டையும் மிஞ்சாது. கொழும்பில் இதுதான் பெரும்பாலும் அதிக காசு தரும் வழி என்பது என் எண்ணம்.

ஒன்றைக் கவனியுங்கள். ஈ.எம்.ஜி. அக்டிவ் பிக்கப்போடு வரும் பொட் 25 கிலோ ஓம். பற்றரி தேவைப்படாத பழைய பாஸிவ் பிக்கப்பை அதில் மாட்டினால் சத்தம் மங்கி அமுங்கிவிடும். 250 கிலோ ஓம் பொட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: கழற்றுவதென்று முடிவெடுத்தால்

தொடுவதற்கு முன் முழு பேஸையும் வாசித்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பிக்கப் வேலை செய்தது என்பதற்குப் பிறகு வேறு சாட்சி இருக்காது. உள்ளே வயர் போகும் விதத்தையும் படம் எடுங்கள்.

கம்பிகளை ஒரேயடியாக வெட்டாமல் நாலையும் மாறி மாறித் தளர்த்துங்கள். ட்ரஸ் ரொட்டையும் கொஞ்சம் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் இழுவை இல்லாத நெக் பின்னால் வளையும். ஸ்குரூக்களைப் பாகம் பாகமாகச் சின்னப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிக்கப் வயரைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பொட்டில் ஈயத்தை உருக்கி வயரை முழு நீளத்தில் எடுங்கள். நீளம் குறைந்த வயருக்கு வாங்குபவர் விலை குறைப்பார்.

ஜாஸ் பிக்கப் சோடியைப் பிரித்து விற்காதீர்கள். நல்ல சோடிகளில் ஒன்று மற்றதற்கு எதிராகச் சுற்றப்பட்டு, இரண்டும் சேரும்போது இரைச்சல் அடங்கும். அதோடு பல சோடிகளில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் மற்றதை விடச் சில மில்லிமீற்றர் நீளம். விளம்பரத்தில் அளந்த நீளத்தைப் போடுங்கள்.

நெக்கைப் பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி மொட்டை மாடி அறையில் வைக்க வேண்டாம். துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு, வெயில் படாத இடத்தில் படுக்க வையுங்கள். கூரியரில் அனுப்புவதென்றால் பி.வி.சி. குழாய் ஒரு துண்டு போல வேறொன்றும் காப்பாற்றாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ரோஸ்வூட்டைக் கவனியுங்கள். 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள், பிரேசிலிய ரோஸ்வூட்டுக்கு மட்டும் விலக்கு இல்லை.

விற்கும் ஒழுங்கும் முக்கியம். முதலில் வருபவர் பிக்கப் கேட்பவராகத்தான் இருப்பார். உடனே கொடுக்காதீர்கள். நெக்குக்கும் கட்டைக்கும் விளம்பரம் போட்டு இரண்டு கிழமை பாருங்கள். அவற்றுக்கு ஒரு விசாரிப்பும் வரவில்லை என்றால், திரும்பப் பூட்டி முழுசாக விற்க இன்னும் வழி இருக்கிறது. திரும்பப் பூட்டும்போது நெக் ஸ்குரூவை முதலில் எதிர்ப்பக்கம் சுற்றுங்கள், பழைய புரியில் "டக்" என்று விழும், பிறகு இறுக்குங்கள்.

ஆறாம் படி: விளம்பரமும் கைமாற்றலும்

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கீறலையும் நசிவையும் தனியாகக் கிட்டத்தில் காட்டுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு காண்கிற கீறலுக்கு ஆயிரம் ரூபாய் குறைப்பார்கள். தமிழில் மட்டும் எழுதாமல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி போடுங்கள், வாங்கும் கூட்டம் கலவையானது. ஆறுதலாகப் பேரம் பேச பத்து வீதம் கூட்டிப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வருபவருக்கு அம்ப் (சத்தம் பெருக்கி) இருக்கும் இடத்தில் வாசிக்கக் கொடுங்கள். வங்கி மூலம் காசு போட்டால் உங்கள் கணக்கை நீங்களே திறந்து பார்த்த பிறகு சாமானைக் கொடுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷொட் ஒரு படம்தான்.

என் கட்டை இன்னும் இருக்கிறது. ஜாஸ் வடிவம், நெக் குழி அளந்தபடி 63.5 மில்லிமீற்றர், கீழ் மூலையில் பெருவிரல் அளவு ஒரு நசிவு, கறையான் இல்லை. விலை பேசித் தீர்க்கலாம்.